நல்லதுக்குத்தானே சொல்றோம்

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1966இல் ஆனந்த விகடனில் வந்த கதை. மழை, பஸ் நிறுத்தம், ஏழைப் பிராமணக் குடும்பத்துக் கல்லூரிப் பெண், பெரிய காரில் வந்து நிற்கும் பணக்கார இளைஞன். நடக்கக் கூடாதது நடந்து அவள் வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள், புலம்புகிறாள். பிறகு சுதாரித்துக்கொள்கிறாள். மகளை உட்காரவைத்துத் தலையோடு தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். தலைப்பில் நெருப்பு, கதையில் தண்ணீர்.

அந்த அம்மா செய்தது சரியா தவறா என்று அன்றைக்கு வாசகர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். பண்பாடு கெட்டுவிட்டது என்றது ஒரு தரப்பு. கற்பென்பது உடம்பில் இல்லை என்று ஒரு தாயே சொல்லிவிட்டாள், இதைவிட முற்போக்கு உண்டா என்றது இன்னொரு தரப்பு. அறுபது வருடம் ஆகப்போகிறது, இன்றும் இலக்கியக் கூட்டங்களில் இந்தக் கதை வந்தால் பேச்சு இந்த இரண்டு தடத்தில்தான் ஓடுகிறது. சமீபத்தில் கதையையும், அதிலிருந்து கிளைத்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலையும் அடுத்தடுத்து வாசித்தபோது எனக்கு உறுத்தியது வேறு. இரண்டு தரப்பும் அம்மாவுக்கு மார்க் போடுவதில் மும்முரமாக இருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சிறுகதையில் அவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

ஆங்கிலத்தில் பேட்டர்னலிசம் என்றொரு சொல் இருக்கிறது. தமிழில் எழுதும்போது பலர் இதைப் பேட்ரியார்க்கியோடு போட்டுக் குழப்பி ‘ஆணாதிக்கம்’ என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டும் பங்காளிகள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. யார் கையில் அதிகாரம் என்பது ஆணாதிக்கத்தின் விஷயம். அந்த அதிகாரம் தனக்குத்தானே என்ன காரணம் சொல்லிக்கொள்கிறது என்பது பேட்டர்னலிசத்தின் விஷயம். ஒரு வயது வந்த மனிதரின் விருப்பத்தைக் கேட்காமல், அல்லது கேட்டும் தள்ளிவிட்டு, அவருடைய நன்மைக்காகவே அவர் விஷயத்தில் ஒன்றைச் செய்வது. ‘தந்தைமை’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ வாழ்த்துமடல் மாதிரி இருக்கிறது. எனவே இந்தக் கட்டுரையில் தகப்பன்தனம் என்றே எழுதுகிறேன். இதைச் செய்வதற்கு ஆணாக இருக்க வேண்டியதில்லை. அம்மா செய்யலாம், அண்ணன் செய்யலாம். டாக்டர், நீதிபதி, அரசாங்கம் எல்லோரும் செய்யலாம். எழுத்தாளரும் செய்யலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அகராதி எதுவும் இல்லாமலே நம் வீடுகளில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். ‘உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்.’ இந்த வாக்கியத்தின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘சொல்றேன்’ இல்லை, ‘சொல்றோம்’. எதிரே நிற்பது ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம். அப்புறம் அந்தத் ‘தானே’. அதற்குப் பதில் சொல்ல வழியே கிடையாது. கெடுதல் நினைக்கிறவனோடு சண்டை போடலாம், ஊரைக் கூட்டலாம். நல்லது நினைக்கிறவரிடம் என்ன செய்வது? மறுத்தால் நன்றி கெட்டவள். இந்த இடத்தில்தான் தகப்பன்தனம் சாதாரண அடக்குமுறையைவிடச் சிக்கலானதாகிறது. அடக்குகிறவரிடம் உண்மையான பாசம் இருக்கிறது. அந்தப் பாசத்தைப் பொய் என்று சொல்லவும் முடியாது.

நாவலில் ஜெயகாந்தன் அந்த இரவைத் திருப்பி எழுதுகிறார். இந்த அம்மா, கனகம், தண்ணீர் கொட்டவில்லை. அவள் கத்தி அலறியதில் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை அடித்து வீட்டைவிட்டு வெளியே அனுப்புகிறான். தாய்மாமன் வெங்கு மாமா அடைக்கலம் கொடுக்கிறார், படிக்கவைக்கிறார். கங்கா உத்தியோகம் பார்க்கிற பெண்ணாக ஆகிறாள், அம்மா அவளுடன் வந்து இருக்கிறாள். முதலில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்தது இந்த நாவல். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977இல் பீம்சிங் படமாக எடுத்தார். லட்சுமியின் கங்காவைப் பார்த்தவர்களுக்கு நாவலைப் படிக்கும்போது வேறு முகம் வராது. எனக்கும் வரவில்லை.

வெங்கு மாமாவைப் பற்றி எழுதிய பலரும் அவரைக் காமுகர், வேஷதாரி என்று ஒரு வரியில் தீர்த்துவிடுகிறார்கள். அது ரொம்ப சுலபம். வக்கீல், சாஸ்திரம் படித்தவர், எந்த வாதத்துக்கும் ஒரு மேற்கோள் வைத்திருப்பவர். அவர் கங்காவுக்குச் செய்த உதவி பொய்யான உதவி இல்லை. அண்ணன் கைவிட்ட பெண்ணை அவர் எடுத்துப் படிக்கவைத்திராவிட்டால் அவளுக்கு அந்த மேஜையும் நாற்காலியும் மாதச் சம்பளமும் இல்லை. நாவல் இதை மறைக்கவில்லை. அதே மனிதர் தகப்பன் ஸ்தானத்தில் இருந்துகொண்டு அவள் மேல் கைவைக்கிறார். தோளைத் தொடுகிற கை ஆசீர்வாதமா வேறா என்று அவள் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து முடிவுக்கு வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் முதலில் எழும் கேள்வி, ‘உன்னை ஆளாக்கினது யாரு?’ உதவியே கடன் பத்திரமாக மாறிவிட்ட நிலை அது. வட்டி எவ்வளவு, அசல் எப்போது தீரும் என்று எதிலும் எழுதியிருக்காது.

கெட்டுப்போன பெண்ணுக்கு இனிக் கல்யாணம் கிடையாது, கெடுத்தவனைக் கண்டுபிடித்து அவனோடுதான் வாழ முடியும், முடிந்தால் கண்டுபிடி என்கிற ரீதியில் வெங்கு மாமா சவால் விடுகிறார். கண்டுபிடிக்க முடியாது என்கிற தைரியத்தில் விடுகிற சவால். கங்கா நிஜமாகவே போய்க் கண்டுபிடித்துவிடுகிறாள்! சிறுபிள்ளையாக நடத்தப்பட்ட ஒருத்தி, பெரியவரின் சொல்லை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியே அவரைத் தோற்கடிக்கிற இடம் இது. எதிர்த்துப் பேச வழியில்லாத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியும். ‘நீங்கதானே சொன்னீங்க’ என்பது நம்மூரில் ஒரு முக்கியமான கலகக் குரல்.

கண்டுபிடிக்கப்பட்ட பிரபு எப்படிப்பட்டவன்? கல்யாணமானவன், மகள் இருக்கிறாள், படிப்பில்லை, குடிப்பான். தனக்கு எது நல்லது என்பதே தெரியாத மனிதன். அதனாலேயே இந்த நாவலில் கங்காவுக்கு அறிவுரை சொல்லாத ஒரே ஆணாக அவன் இருக்கிறான், ரொம்ப நாளைக்கு. அவர்களுக்குள் வருகிற ஸ்நேகம் எனக்கு நாவலின் மிக அழகான பகுதி. ஊர் அவளை வைப்பாட்டி என்கிறது. அவர்கள் காரில் சுற்றுகிறார்கள், பேசுகிறார்கள், அவ்வளவுதான். பிறகு பிரபு திருந்துகிறான். திருந்தியதும் அவனும் பெரிய மனிதனாகிவிடுகிறான். கங்கா ஒரு கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்க வேண்டும், அதற்குத் தான் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று விலகிப்போகிறான். முழுக்க அவள் நன்மைக்காக. அதன் பிறகுதான் கங்கா உடைந்து குடியில் விழுகிறாள். அண்ணன் அடித்ததைத் தாங்கினாள், ஊர்ப் பேச்சைத் தாங்கினாள், மாமாவின் கையைக்கூட இத்தனை வருடம் தாங்கினாள். பிரபு தன் நன்மையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கதையின் முடிவு செயற்கையானது என்கிற விமர்சனத்தைக் கேட்டிருக்கிறேன். இப்படிப் படித்தால் அது அவ்வளவு செயற்கையாகத் தெரியவில்லை.

தகப்பன்தனத்தின் மேல் தத்துவத்தில் வைக்கப்பட்ட முதல் பெரிய குற்றச்சாட்டு கான்ட்டுடையது என்று சொல்லலாம். 1793இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குடிமக்களை வயதுக்கு வராத பிள்ளைகளாக நினைத்து அவர்கள் சந்தோஷத்தைத் தானே தீர்மானிக்கிற அரசுதான் கற்பனை செய்யக்கூடிய மிகப்பெரிய கொடுங்கோன்மை என்கிறார். கொடுங்கோலன் என்றதும் நமக்குக் கசையோடு ஒருவன் நினைவுக்கு வருகிறான். கான்ட்டுக்கு நினைவுக்கு வருவது சோறு ஊட்டுகிற கை.

அவருக்குப் பிறகு ஜான் ஸ்டூவர்ட் மில். 1859இல் வந்த ‘சுதந்திரம் பற்றி’ நூலில் அவர் போட்ட கோடு எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்தவருக்குக் கெடுதல் வராமல் தடுக்க மட்டுமே ஒருவர்மேல் பலத்தைப் பிரயோகிக்கலாம், அவருடைய சொந்த நன்மை அதற்குப் போதுமான காரணம் ஆகாது. அதே நூலில் வருகிற பாலத்து உதாரணம் எனக்குப் பிடிக்கும். இடிந்து விழப்போகிற பாலத்தில் ஒருவர் காலெடுத்து வைக்கிறார், எச்சரிக்க நேரம் இல்லை. கையைப் பிடித்து இழுத்துவிடலாம், அதனால் அவர் சுதந்திரம் மீறப்படவில்லை. ஏனென்றால் ஆற்றில் விழுவது அவர் விருப்பம் இல்லை. ஆனால் பாலத்தின் நிலைமை இது என்று சொல்லியான பிறகு, போவதா வேண்டாமா என்பது அவர் பாடு. பிடித்த கையை எப்போது விடுவது என்பதுதான் மில்லின் கேள்வி.

மில்லை நம்மூர் வாசகன் படிக்கும்போது ஒரு சின்ன முள்ளும் குத்தும். பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். 1823 முதல் 1858 வரை அங்கேதான் இருந்தார். இந்தச் சுதந்திரக் கோட்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டு, கையோடு, முதிர்ச்சியடையாத சமூகங்களுக்கும் பொருந்தாது என்று சேர்க்கிறார். அவர்களுக்கு ஒரு அக்பரோ சார்லமேனோ கிடைத்தால் போதும், அவர்கள் முன்னேற்றத்துக்காக நடத்தப்படும் சர்வாதிகாரம் நியாயமானதே என்கிறார். ஆக, சுதந்திரத்தின் வேதபுத்தகத்திலும் ‘நீ இன்னும் சின்னப் பிள்ளை’ என்று நம்மைப் பார்த்து ஒரு பத்தி இருக்கிறது. வெங்கு மாமாவுக்கு இது தெரிந்திருந்தால் அதையும் மேற்கோள் காட்டியிருப்பார்.

கதையைவிட்டுச் சற்று வெளியே போகிறேன். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. டெல்லியில், நாற்பத்து நான்கு வயதான, திருமணமாகாத ஒரு பெண் மருத்துவமனைக்குப் போகிறார். லேப்ராஸ்கோப்பி செய்து என்ன பிரச்சினை என்று பார்ப்பதற்காக மயக்க மருந்து கொடுக்கிறார்கள். பார்த்த டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று முடிவு செய்கிறார். அறைக்கு வெளியே நோயாளியின் வயதான அம்மா உட்கார்ந்திருக்கிறார். உதவியாளர் போய் அம்மாவிடம் சம்மதம் வாங்கி வருகிறார். கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாம் எடுக்கப்படுகின்றன. அந்தப் பெண் கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. நல்லெண்ணத்தில்தான் செய்தேன் என்றார் டாக்டர். நீதிமன்றமும் அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் நோயாளி சுயநினைவுக்கு வந்து முடிவெடுக்கக்கூடிய வயது வந்த பெண், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது காத்திருந்திருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் சம்மதமே ஆகாது என்றது. இழப்பீடு 25,000 ரூபாய், டாக்டர் தன் கட்டணத்தையும் கேட்க முடியாது. தொகையைப் பற்றி நான் என்ன சொல்வது.

என்னை அந்த வழக்கில் நிறுத்தியது அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாதான். அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து, உங்கள் மகளுக்கு நல்லது என்று சொல்லிக் காகிதத்தை நீட்டுகிறார். அந்த வினாடியில் மகளுக்கு நாற்பத்து நான்கு வயது என்பது எந்த அம்மாவுக்கு ஞாபகம் வரும்? அவரும் மகள் தலையில் தண்ணீர் கொட்டியவர்தான்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. என் பெரியம்மா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவர். குடலில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தபோது டாக்டர் அண்ணன்மார் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பெரியம்மாவிடம் ‘குடல்ல புண்ணு, மருந்துல ஆறிடும்’ என்று சொல்வதென முடிவானது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன், என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். எட்டு மாதம் வீடே நடித்தது. ஃபைலை ஒளித்துவைத்தோம், மாத்திரைப் பட்டையைக் கிழித்து மாத்திரையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் காலமான பிறகு பீரோவைத் திறந்தால், நகைக்கடன் அடைத்த ரசீது, சீட்டு எடுத்த கணக்கு, பாஸ்புக்கில் நாமினி மாற்றிய விவரம், பேத்திக்கு எந்த வளையல் என்று பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு, எல்லாம் தேதிவாரியாக இருந்தன. ரிப்போர்ட் வந்த மூன்றாம் வாரத்தில் தொடங்கியிருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் எங்களுக்குச் செய்ததும் அதேதான்.

இதைச் சொன்னால் சிலர், ‘அப்ப ரெண்டு பக்கமும் பாசம்தானே, இதுல என்ன தப்பு?’ என்பார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு இது. அந்த எட்டு மாதத்தில் பெரியம்மா தன் சாவைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லாமல் இருந்தார். பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு எங்களிடம் இடம் இல்லை. புண்ணுக்கு யாராவது பயப்படுவார்களா?

நோயாளி தனக்கு இனி எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2018 மார்ச் 9இல். அதற்கு முந்தைய நாள்தான் அதே நீதிமன்றம் ஹாதியா வழக்கில் உத்தரவு போட்டது. சேலத்தில் ஹோமியோபதி படித்த, இருபத்து நான்கு வயதான ஒரு பெண் மதம் மாறித் திருமணம் செய்துகொண்டார். கேரள உயர் நீதிமன்றம் 2017 மே மாதம் அந்தத் திருமணத்தை ரத்து செய்து அவரைத் தகப்பனாரிடம் ஒப்படைத்தது. அரசு என்பது காக்க ஆளற்றவர்களுக்குப் பெற்றோர் என்கிற பழைய ஆங்கிலச் சட்டக் கோட்பாட்டை அதற்குத் துணைக்கு அழைத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தத் திருமணத்தையோ மதமாற்றத்தையோ பற்றி யாருக்கு என்ன கருத்தும் இருக்கலாம். இருபத்து நான்கு வயதுப் பெண்ணைக் கோர்ட்டே ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. நம் ஊர் விவாதங்களில் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன.

மதுவிலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகப்பன்தனம் என்றதும் உடனே உதாரணமாக எடுக்கிறார்கள். ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது ஓரளவு அப்படிப்பட்டதுதான், குடிக்கிறவனைக் குடியிலிருந்து காப்பாற்றுவது. ஆனால் இன்றைக்குக் கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்கிற பெண்கள் கேட்பது அது இல்லை. புருஷன் ஈரல் கெடுவதைப் பற்றி அவர்கள் பிறகுதான் கவலைப்படுகிறார்கள். கூலி வீடு வரவில்லை, ராத்திரி அடி விழுகிறது, அதுதான் புகார். அடுத்தவருக்கு வரும் கெடுதல். மில்லே மறுக்க முடியாத காரணம். அவர்களைப் பார்த்துத் தனிமனித சுதந்திரம் என்று வகுப்பெடுப்பவர்கள் கணக்கைத் தவறான பக்கத்தில் எழுதுகிறார்கள். இன்னொரு புறம் நம் அரசாங்கம். 1983இல் டாஸ்மாக்கைத் தொடங்கி, 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கைக்குக் கொண்டுவந்து, விற்கிற பாட்டிலிலேயே குடி கெடுக்கும் என்று எச்சரிக்கையும் ஒட்டுகிறது. ஒரு கையில் சாஸ்திரம், இன்னொரு கை தோளில். வெங்கு மாமா நாவலோடு முடிந்துபோகவில்லை. ஹெல்மெட், சீட் பெல்ட் விஷயங்களைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. தலையில் ஒரு கிலோ பாரத்தால் என் வாழ்க்கையின் திசை மாறிவிடாது.

இனி அந்த அம்மாவுக்கு வருகிறேன். அந்த இரவில் அவள் செய்ததில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன, நாம் அவற்றை ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தண்ணீர் கொட்டியது ஒன்று. மகள் தன்னைத்தானே அழுக்கு என்று நினைக்கத் தொடங்கும் கணத்தில், யோசிக்க நேரம் இல்லாத அந்தக் கணத்தில், அம்மா கையைப் பிடித்து இழுத்துவிடுகிறாள். அது பாலம். அந்த இடத்தில் நான் முழுக்க அவள் பக்கம். அந்தப் பெண் மெல்லிக்கொண்டிருந்த சூயிங் கம்மைத் துப்பச் சொல்கிற அதே அதட்டல், அதே வேகம். நமக்குத் தெரிந்த எந்த அம்மாவும் அப்படித்தான் பேசுவாள்.

யாரிடமும் சொல்லாதே என்பது இரண்டாவது காரியம். இது பிடித்த கையை விடாமல் வைத்துக்கொள்வது. நடந்ததற்கு என்ன பெயர், அது தனக்கு என்ன, அந்தக் காரில் தான் ஏறியதிலும் மறுக்காமல் உட்கார்ந்திருந்ததிலும் இருந்தது பயமா, மயக்கமா, இரண்டுமா என்று அவள் பிறகு எப்போதாவது யோசிக்க வேண்டுமானால் அதற்கு வார்த்தை வேண்டும். வார்த்தையைத்தான் அம்மா வாங்கி வைத்துக்கொள்கிறாள். ஆனால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நாவல் முழுவதும் சாட்சி. கனகம் வாயைத் திறந்தாள், அண்ணன் கையை ஓங்கினான், பெண் நடுத்தெருவுக்கு வந்தாள். சிறுகதையின் அம்மாவுக்காக ஆஜராக நாவலைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார். அந்தக் காலத்து மதராஸ் சந்து ஒன்றில் மகளுக்கு ஒரு வாழ்க்கை மிச்சமாக வேண்டுமானால் அவள் பேச்சை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தது அம்மா, போனது மகளுடையது. இதை நான் குற்றம் என்று சொல்லத் தயாரில்லை. முற்போக்கு என்று கொண்டாடவும் எனக்கு வாய் வரவில்லை.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. ராமன் கால் பட்டு எழுந்த அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். மன்னித்தவரின் யோக்கியதையை மன்னிக்கப்பட்டவள் திருப்பி எடைபோடுகிற கதை அது. ‘அக்னிப் பிரவேச’த்துப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. அம்மாவின் பெருந்தன்மை உச்சத்தில் இருக்கும்போதே ஜெயகாந்தன் விளக்கை அணைத்துவிடுகிறார்.

இங்கேதான் எழுத்தாளரின் தகப்பன்தனம். ஜெயகாந்தனின் முன்னுரைகளைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும், வாசகனைத் தோளில் கைபோட்டு உட்காரவைத்து, இதை நீ இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரல். சண்டை போட்ட வாசகர்களுக்கு, அந்த அம்மா அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் பார் என்று ஒரு முழு நாவலாகப் பதில் சொன்னவர். அதற்குள்ளேயே ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளரை வைத்து, அவர்தான் ‘அக்னிப் பிரவேசம்’ எழுதியவர் என்று ஆக்கி, கனகம் அந்தக் கதையைப் பத்திரிகையில் படித்துவிட்டு மகளிடம் கொடுக்கும்படியும் செய்கிறார். கங்கா தன் வாழ்க்கையை வேறொருவர் எழுத்தில் படிக்கிறாள், அதுவும் திருத்தப்பட்ட பதிப்பாக. அப்படி ஒரு காட்சியைத் தமிழில் நான் வேறெங்கும் படித்ததில்லை. தன் கதாபாத்திரம் தன்னைத் தேடிவந்து விசாரிக்கிற சங்கடத்தை ஜெயகாந்தன் தனக்குத்தானே ஏற்படுத்திக்கொண்டார், அந்த நேர்மைக்காக எதையும் மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது. கடைசியில் அவளைக் குடியில் தள்ளியதை மட்டும் என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிரபு போனதும் அவள் உடைவது புரிகிறது. சம்பளமும் படிப்பும் சொந்தமாக ஒரு மூளையும் உள்ள ஒரு பெண், உடைந்த பிறகு ஒரு திங்கட்கிழமை எழுந்து ஆபீசுக்குப் போவதை ஏன் அவரால் எழுத முடியவில்லை? பெரும்பகுதியும் அவளுடைய குரலிலேயே சொல்லப்படும் நாவல் இது. அவளையே பேசவிட்டிருந்தால் போயிருப்பாள் என்று எனக்குப் படுகிறது.

பிறகு அவர் தொடர்ச்சியாக இன்னொரு நாவல் எழுதினார். அதன் தலைப்பு ‘கங்கை எங்கே போகிறாள்’. அவளைப் பற்றிய கேள்வி, நம்மைப் பார்த்துக் கேட்கிறார்.